பிரேக்கா, பிரேக் டவுனா?

ஆங்கிலத்தில் எழுத்தால் பிரிந்தும் ஒலியால் ஒட்டியும் கிடக்கும் இரண்டு சொற்கள் தமிழ் எழுத்துக்கு வந்ததும் ஒன்றாகிவிட்டன. வண்டியை நிறுத்துவதும் பிரேக், உடைந்துபோவதும் பிரேக். மற்ற ஊர்களில் இதனால் ஒரு கெடுதலும் இல்லை. தொப்பூர் கணவாயில் உண்டு. தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கிக்கொண்டிருக்கும் லாரியிலிருந்து “பிரேக்கு…” என்று போன் வந்து லைன் அறுந்துபோனால், லாரிக்காரருக்கு உயிர் நிற்காது. பிரேக் என்றால் ஆம்புலன்ஸ், பிரேக் டவுன் என்றால் மெக்கானிக். ‘டவுன்’ என்ற ஒரு வால் அந்த ஊரில் அவ்வளவு நிம்மதியைத் தரும்.

தொப்பூர், தர்மபுரி மாவட்டம் நல்லம்பள்ளி வட்டத்தில் மலை இறங்கி முடிகிற இடத்தில் இருக்கிறது. வடகோடியிலிருந்து கன்னியாகுமரி வரை போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை (பழைய டிரைவர்களுக்கு அது இன்னும் ஏழாம் நம்பர் ரோடுதான்) பாளையம்புதூர் டோல்கேட்டைத் தாண்டியதும் வளைந்து வளைந்து சரிகிறது. டீசல் மிச்சம் என்று சிலர் இங்கே கியரை நியூட்ரலில் போட்டு வண்டியை உருளவிடுவார்கள். இன்ஜின் பிடித்து இழுக்கும் இழுவை அத்தோடு போய்விடும். பாரம் முழுக்க பிரேக்கின் தலையில் விழும். மிதிக்க மிதிக்க டிரம் காயும், காய்ந்த டிரம்மில் லைனிங் வழுக்கும், அப்புறம் ஏறி நின்று மிதித்தாலும் பிடிக்காது. 2024 ஜனவரி 24 அன்று இந்த இறக்கத்தில் லாரிகளும் கார்களும் மோதித் தீப்பிடித்து நான்கு பேர் இறந்ததைக் கேமராப் பதிவில் நாடே பார்த்தது.

ஆகவே ரோட்டில் பிழைப்பவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. ஒன்று ‘பிரேக் பிடிக்கல’ அல்லது ‘பிரேக் ஃபெயிலியர்’. மற்றது ‘பிரேக் டவுன்’: ஆக்சில் முறிந்தது, கிளட்ச் பிளேட் தேய்ந்தது, டீசல் குழாயில் காற்று அடைத்தது, எதுவானாலும் வண்டி நகராமல் நின்றால் அதுதான் பெயர். நின்ற வண்டிக்குப் பின்னால் ஓரத்துச் செடியிலிருந்து ஒரு கிளையை ஒடித்துச் செருகி, வரிசையாகக் கல்லை வைத்துவிட்டால் அறிவிப்பு முடிந்தது. வண்டியைச் சரிசெய்து எடுத்துக்கொண்டு போகிறவர் கல்லை எடுத்துப் போடாமல் போவது அடுத்த விபத்துக்கு வைக்கும் கல். பஞ்சர் மட்டும் என்றால் அது பிரேக் டவுன் கணக்கில் சேராது, ஸ்டெப்னி மாற்றினால் தீர்ந்தது. ஸ்டெப்னி என்பதே வேல்ஸ் நாட்டு லனெத்லி என்ற ஊரின் ஒரு தெருப் பெயர். 1904 வாக்கில் அந்தத் தெருவில் மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். இங்கிலாந்துக்காரர் அந்தப் பெயரை மறந்து பல காலம் ஆகிறது. நம் கிளீனர்தான் இன்னும் காப்பாற்றி வருகிறார்.

பிரேக் என்ற ஒலிக்குள் இருக்கும் இரண்டு சொற்களையும் ஆங்கிலேயரே ஒரு காலத்தில் பிரித்துப் பார்க்கத் திணறினார்கள். தடுப்பானைக் குறிக்கும் சொல்லின் பூர்வீகம் தெளிவானதல்ல. குதிரைக் கடிவாளம், பம்பின் கைப்பிடி, ஆளிச்செடியின் தண்டை நொறுக்கி நார் பிரிக்கும் கருவி என்று அந்த ஒலியில் பல பழைய பெயர்கள் கிடந்தன. நார் நொறுக்கும் கருவிக்கு, ‘உடை’ என்று பொருள்படும் மற்றச் சொல்லோடு உறவு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ரயில்வே எழுத்துகளில், வண்டியை நிறுத்தும் தடுப்பானை ‘உடை’ எழுத்திலேயே எழுதுவது சாதாரணம். தமிழ் எழுத்தில் இன்று நேர்ந்திருக்கும் கலப்பு அன்றைக்கு அவர்கள் கையெழுத்திலும் இருந்தது என்பது ஒரு ஆறுதல்.

‘டவுன்’ ஒட்டிய சொல்லின் வரலாறு இதைவிடத் தெளிவானது. பதினான்காம் நூற்றாண்டிலேயே அது வினையாக இருக்கிறது. பொருள், இடித்துத் தள்ளு. சுவரை இடிக்கும்போது கல் கீழேதான் விழும் என்பதால் அங்கே ‘டவுன்’ என்பது சொன்னபடி கீழ்த்திசைதான். பிறகு உடல்நலம் இடிந்தது, பேச்சு வார்த்தை இடிந்தது, மனம் இடிந்து அழுகை வந்தது. திசை மெல்ல மெல்லக் கரைந்து, ‘இனி ஓடாது’ என்ற பொருள் மட்டும் எஞ்சியது. 1830-களில் இந்த வினை பெயராகத் திரள்கிறது. வினையாக இருந்தபோது அழுத்தம் ‘டவுன்’ மேல் விழும். பெயரானதும் அழுத்தம் முன்னால் நகர்ந்து ‘பிரேக்’ மேல் உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பெயரை ரயில்வேயும் மில்லும் மோட்டாரும் எடுத்துக்கொண்டன. தொப்பூர் ரோட்டுக்கு வந்தது அந்தப் பெயர்தான், வினை வரவேயில்லை.

இது தற்செயல் அல்ல என்று நினைக்கிறேன். தமிழ்ப் பேச்சு, ஆங்கிலத்தின் இந்த வால் முளைத்த வினைகளில் ஒன்றையாவது வினையாகவே எடுத்துக்கொண்டதா என்று தேடினால் கிடைப்பது அரிது. மேக்கப், செக்கப், செட்டப், கெட்டப், பிக்கப், லாக்கப், பேக்கப், ஒர்க் அவுட், லாக் அவுட், சிட் அவுட், கட் ஆஃப். எல்லாமே பெயர்கள். ஸ்டூடியோவிலிருந்து சில, போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒன்று, மில் கேட்டிலிருந்து ஒன்று, கல்லூரி அட்மிஷனிலிருந்து ஒன்று என்று வெவ்வேறு வாசல் வழியே வந்தவை. வீட்டு முன்திண்ணைக்கு சிட் அவுட் என்று பெயர் வைத்த இன்ஜினியர் யாரோ, அவருக்குத் தமிழ் வீடு கட்டுகிறவர்கள் கடன்பட்டிருக்கிறார்கள், திண்ணை என்ற சொல்லை இழந்த கடனும் சேர்த்து.

ஏன் பெயராக மட்டும்? தமிழில் வினைக்கு வேலை செய்ய ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். ஆங்கிலம் ஒரு சின்ன வினையை எடுத்து, அதன் பின்னால் மேல், கீழ், உள், வெளி என்று ஏதாவது ஒன்றை நிறுத்தி, முழுதாய் வேறொரு பொருளை வாங்கிவிடும். தமிழ் அதே வேலையைத் துணைவினையிடம் கொடுக்கிறது. விடு, போ, கொள், போடு, தீர், தொலை. சாப்பிடு என்பதைச் சாப்பிட்டுத் தீர் என்றால் தட்டு காலி. உடை என்பதை உடைந்துபோ என்றால் இனி ஓடாது. திசைக்கோ தனி வினையே இருக்கிறது. லெனார்டு டால்மி என்ற அமெரிக்க மொழியியலாளர் உலக மொழிகளை இப்படித்தான் இரண்டாகப் பகுத்தார். நகர்வின் திசையை வினைக்குள்ளேயே வைக்கும் மொழிகள் ஒரு பக்கம், வினைக்கு வெளியே ஒரு துணுக்கில் வைக்கும் மொழிகள் மறுபக்கம். ஆங்கிலம் இரண்டாவது வகை. தமிழ் முதல் வகையோடு நிற்கிறது: ஏறு, இறங்கு, நுழை, புறப்படு. விலை ஏறும், காய்ச்சல் இறங்கும், போதை ஏறும், சார்ஜ் இறங்கும். தொப்பூரில் சாலையே ஏத்தமும் இறக்கமுமாகத்தான் அழைக்கப்படுகிறது. அந்த ஊர் டிரைவருக்குக் கீழ்த்திசை என்றால் ‘இறக்கம்’. ‘பிரேக் டவுன்’ என்பதில் இருக்கும் டவுன் அவர் காதில் திசையாக விழுவதேயில்லை. ஏத்தத்திலும் வண்டி பிரேக் டவுன் ஆகும்.

இதற்கு எதிர்ப்பக்கம் போல் தோன்றும் ஒரு கூட்டமும் உண்டு. வினையை உதறிவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டவை. ஆங்கிலத்தில் விளக்கை நிறுத்த ஸ்விட்ச் என்ற வினையும் ஆஃப் என்ற துணுக்கும் வேண்டும். நாம் ஸ்விட்சைச் சுவரோடு விட்டுவிட்டு “ஆஃப் பண்ணு” என்கிறோம். சட்டையைப் பேண்டுக்குள் விடுவதற்கு அவர்களுக்கு ஒரு வினை தேவை. நமக்கு “இன் பண்ணு” போதும். ஆட்டக்காரன் அவுட். காய்ச்சலில் படுத்தவன் டவுன். காரை வாடகைக்குப் பேசும்போது அப் அண்ட் டவுன் என்ன ஆகும் என்று கேட்போம். அளவு மீறினால் ஓவர், கொஞ்சம் இழுத்தால் ‘ஓவரா’, அது முழுத் தமிழ் வினையடை. ஆங்கிலத்தில் தனியே நிற்கத் தடுமாறும் துணுக்குகள் இங்கே வந்து பண்ணு, ஆகு என்ற இரண்டு காலில் நிமிர்ந்து நடக்கின்றன. இடைச்சொல் பெயரையும் வினையையும் சார்ந்துதான் வரும், தானாக இயங்கும் தன்மை அதற்கில்லை என்பது தொல்காப்பியரின் கணிப்பு. அவர் இலக்கணப்படி பார்த்தால் ஆஃப், இன், அவுட், ஓவர் எல்லாம் நம் ஊரில் பதவி உயர்வு பெற்ற இடைச்சொற்கள். இடைச்சொல்லாக இருந்தவரை தமிழுக்கு அவை பயன்படவில்லை. பெயராகிய பிறகுதான் பயன்பட்டன.

இப்படி விழுங்குவது புதுப்பழக்கமும் அல்ல. உபகாரம், அபகாரம், விகாரம், அதிகாரம், சம்ஸ்காரம், ‘அதன் பிரகாரம்’ என்கிறோமே அந்தப் பிரகாரம். ஆறும் வடமொழியில் ‘செய்’ என்று பொருள்படும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. உப, அப, வி, அதி, சம், பிர என்ற முன்னொட்டுகள்தான் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிக்கின்றன. அருகில் செய்தால் உபகாரம், விலகிச் செய்தால் அபகாரம். வேதமொழியில் இந்த முன்னொட்டுகள் வினையைவிட்டுத் தள்ளியும் நிற்கும், பிற்கால சமஸ்கிருதத்தில்தான் இறுக ஒட்டிக்கொண்டன. தமிழ் இவற்றை வாங்கியபோது வேர் எது ஒட்டு எது என்று பிரித்துப் பார்க்கவில்லை. முழுப் பெயராக வாங்கி, உபகாரம் செய், அதிகாரம் பண்ணு என்று தன் வினையை வைத்துக்கொண்டது. பிரேக் டவுன் ஆகு, செக்கப் பண்ணு என்பது அதே கதவு, அதே தாழ்ப்பாள். மணிப்பிரவாளத்தைப் பழித்தவர்களும் தங்கிலீஷைப் பழிப்பவர்களும் சொற்களின் எண்ணிக்கையைத்தான் பார்த்தார்கள். வாக்கியத்தின் சாவி ஒருமுறையும் கைமாறவில்லை.

ஆங்கிலமும் ஒரு காலத்தில் ஒட்டை முன்னால்தான் வைத்தது. பழைய ஆங்கிலத்து வினைகள் பலவற்றில் துணுக்கு தலையில் இருக்கும். பின்னர் அது வாலுக்கு நகர்ந்தது. பழைய முறையில் தங்கிவிட்ட சில சொற்கள் இன்றும் உண்டு. அவற்றில் ஒன்று தொப்பூர் இறக்கத்தில் செய்யவே கூடாத ஒன்று: ஓவர்டேக். அதே இரண்டு துண்டுகளைத் திருப்பிப் போட்டால் டேக் ஓவர், ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனி விழுங்குவது. முன்னது ரோட்டில், பின்னது பங்குச் சந்தையில். இரண்டையும் ஒரே செய்தித்தாளில் படிக்கும் தமிழ் வாசகர் யாருக்கும் இவை ஒரே இரண்டு துண்டுகள் என்று தோன்றியிருக்காது. தோன்ற வேண்டிய தேவையும் இல்லை.

இந்தக் கணவாயைச் சுற்றிய நிலமே ஒரு காலத்தில் மேல், கீழ் என்ற துணுக்குகளால்தான் பெயர் பெற்றிருந்தது. பழைய சேலம் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்துச் சொல்வார்கள். சேலம், நாமக்கல் பக்கம் தலகாட். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பாராமகால். ஓசூர் மேட்டுநிலம் பாலாகாட். பாலா என்பது பாரசீகத்தில் மேல். தல என்பது அடி, தளம். தமிழ்க் காதுக்குத் தல என்றால் தலை, உச்சி. கீழே கிடந்த நிலத்துக்கு அப்படி ஒரு பெயர் அமைந்தது வேடிக்கைதான். தலகாட்டிலிருந்து பாராமகாலுக்கு ஏறும் வழி தொப்பூர். பழைய ஆங்கில நூல்கள் தப்பூர் என்று எழுதும். 1790-இல் திப்புவின் படை தெற்கே இறங்கியதும் இதன் வழியாகத்தான். 1792-இல் பாராமகால் கம்பெனி கைக்குப் போனது. அலெக்சாண்டர் ரீடின் கீழ் தாமஸ் மன்றோ தர்மபுரியில் உட்கார்ந்து வரி போட்டார்.

‘காட்’ என்பது வடக்கே படித்துறை. ஆற்றுக்கு இறங்கும் படி, பிறகு மலையிலிருந்து இறங்கும் வழி. ஐரோப்பியர் அந்த வழியின் பெயரை மலைக்கே சூட்டி, மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதையும் ‘காட்’ ஆக்கிவிட்டார்கள். ஆனால் தொப்பூரில் அது இன்னும் பழைய பொருளிலேயே ஓடுகிறது. காட் ரோடு, காட் செக்‌ஷன் என்றால் மலை அல்ல, இறங்கும் பாதை. காட்டு ரோடு என்று அதைத் தமிழாகவே கேட்டுக்கொள்பவர்களும் இருக்கலாம், இரண்டு பக்கமும் காடு இருக்கிறதே.

சாமுவேல் ஜான்சன் 1755-இல் தன் அகராதியின் முன்னுரையில், துணுக்கு ஒட்டிப் பொருள் மாறும் இந்த வினைகள்தான் வெளிநாட்டார்க்குப் பெரிய இடர் என்று எழுதினார். அவற்றைக் கவனமாகத் திரட்டித் தந்ததாகவும் சொல்லிக்கொண்டார். அவற்றுக்கு இன்று வழங்கும் ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்ற பெயரை 1925-இல் லோகன் பியர்சால் ஸ்மித் தன் நூலில் பயன்படுத்தினார். ஆக்ஸ்போர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி சொல்லிக்கொடுத்த பெயர் அது. இன்று நம் பள்ளி ஆங்கிலத் தேர்வில் அதற்கென்று ஒரு கேள்வி உண்டு. பிள்ளைகள் பட்டியலாக மனப்பாடம் செய்கிறார்கள், ஒரு வினை, அதற்கு ஆறு வால், ஆறு பொருள்.

இந்தப் பட்டியல் முறையில் எனக்கு நம்பிக்கையில்லை. அப் என்றால் மேலே என்று தொடங்கினால் மூன்றாவது வரியிலேயே வண்டி நின்றுவிடும். வீடு எரிந்தால் ஆங்கிலத்தில் அது மேலேயும் எரியும் கீழேயும் எரியும். வேகத்தைக் குறைக்க மேல், கீழ் இரண்டு துணுக்குமே செல்லும். விண்ணப்பத்தை ‘உள்’ளேயும் நிரப்பலாம் ‘வெளி’யேயும் நிரப்பலாம். நாம்தான் பாவம், இரண்டும் வேண்டாமென்று ‘ஃபில்லப்’ பண்ணிவிடுகிறோம். தமிழ்ப் பிள்ளைக்கு இதை அவன் மொழியிலிருந்தே காட்டலாமே. மேற்கொள், கீழ்ப்படி, உட்கொள், பின்வாங்கு, முன்வை, வெளியிடு. இவற்றைச் சொல்லும்போது யாரும் மேலும் கீழும் பார்ப்பதில்லை. கீழ்ப்படிகிறவன் படியில் இறங்குவதில்லை. முழுச்சொல்லாகவே கேட்டு முழுச்சொல்லாகவே பேசக் கற்றோம். ஆங்கிலேயக் குழந்தையும் தன் சொற்களை அப்படித்தான் கற்கிறது. தொப்பூர் டிரைவரும் ‘பிரேக் டவுன்’ என்பதை அப்படித்தான் கற்றார், அதனால்தான் பொருளில் தவறுவதில்லை. பட்டியல் படித்தவர்கள் தவறுகிறார்கள்.

நெடுஞ்சாலையில் லாரிகள் ஒதுங்கி நிற்கும் இடத்துக்கு லே பை என்று பெயர். ஓரமாக ஒதுக்கிவை என்ற ஆங்கில வினை திரண்டு உண்டான பெயர் இதுவும். நம் பலகைகளில் அந்தப் ‘பை’யை, விடைபெறும்போது சொல்வோமே அந்த ‘பை’யின் எழுத்தில் எழுதியிருப்பதைக் காணலாம். எழுதிய அதிகாரிக்கும் அது துணுக்காகத் தெரியவில்லை. கணக்கு எழுதுகிற இடத்தில் ‘பிரேக்கப் கொடுங்க’ என்றால் தொகையை இனம் பிரித்துக் காட்டச் சொல்கிறார்கள். கல்லூரியில் ‘பிரேக்கப் ஆயிடுச்சு’ என்றால் ஆறுதல் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் பின்னால் வரும் தமிழ் வினையைக் கவனித்தால் போதும், எந்தப் பிரேக்கப் என்று தெரிந்துவிடும். ஒன்று கொடுப்பது, மற்றது ஆவது.

பொருளைச் சுமப்பது உண்மையில் அந்தக் கடைசி வினைதான். மேக்கப் போடுவார்கள், கெட்டப் மாற்றுவார்கள், பேக்கப் சொல்வார்கள், லாக்கப்பில் வைப்பார்கள். ஏத்தத்தில் திணறும் வண்டி பிக்கப் எடுக்காது. 2020-இல் லாக்டவுன் வந்தபோது தமிழ் ஒரு நாள்கூடத் தயங்கவில்லை. லாக்டவுன் ஆகவில்லை, யாரும் பண்ணவும் இல்லை, ‘போட்டார்கள்’. தடை போடுவது, வரி போடுவது, அன்றைய சட்டப்படி 144 போடுவது என்று சர்க்கார் செய்கிற காரியங்களுக்கு உரிய வினை அது. பத்திரிகை ‘ஊரடங்கு’ என்று எழுதிய அதே நாளில் தெருவில் இலக்கணம் முடிவாகியிருந்தது.

பிரேக் டவுனுக்கு வாய்த்த வினை ‘ஆகு’. செய்தவர் இல்லாத வினை. மழை வருவதுபோல வண்டி பிரேக் டவுன் ஆகும், குற்றம் யார் மேலும் இல்லை. டிரைவர் எப்போதும் அப்படித்தான் சொல்வார்: “ண்ணா, வண்டி பிரேக் டவுன் ஆயிடுச்சுங்ணா.” லோடை அதிகம் ஏற்றினானோ, கிளட்சை மிதித்தபடியே ஏத்தம் ஏறினானோ என்று சந்தேகப்படும் லாரிக்காரர் அதே ஆங்கிலப் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, ஆகுவை எடுத்துவிட்டுப் பண்ணுவைப் போடுவார்: “பிரேக் டவுன் பண்ணி நிறுத்திட்டியா?” ரிப்பேர்ச் செலவு யார் கணக்கில் விழும் என்ற வாக்குவாதம் அதற்குப் பிறகுதான் தொடங்கும்.